பிணையம் காணவில்லை

"ஒன்பது தெரியுதுங்க. ஒன்பதுலயும் பூட்டு. பூட்டு இல்லாதது ஒண்ணுகூடத் தெரியல," என்று டோக்கன் அக்கா கிசுகிசுத்தாள்.

நூலகர் குனிந்து அவளுடைய லேப்டாப் திரையைப் பார்த்தார். அக்கம்பக்கத்து வைஃபைகள் பெயர் சொல்லி வரிசையாக நின்றன. 'மாடி வீடு', 'கேக்காதே தரமாட்டேன்', 'டாக்டர் வீட்டு நாய்'. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குட்டிப் பூட்டு. நூலகத்தின் வைஃபையை மட்டும் காணோம். அவள் தலைக்கு மேலே சுவரில் இருந்த பலகையோ, 'இலவச வைஃபை, அனைவரும் பயன்பெறுக' என்று கூவிக்கொண்டிருந்தது.

"என் போன்ல பாருங்க, முழுசா இருக்கு," என்று நூலகர் காட்டினார். "வைஃபை நல்லாத்தான் இருக்கு. உங்க லேப்டாப்புக்குத்தான் பார்வை சரியில்ல."

"உங்க போன்லேருந்து எனக்குக் கொஞ்சம் நெட் தர முடியுமா சார்? ஒரே ஒரு மெயில்தான்."

"என் போன்ல ஏதும்மா நெட்? நானே இந்த இலவசத்தை நம்பித்தான் வேலைக்கு வர்றேன்."

"நூலகத்துக் கம்ப்யூட்டர்?"

"ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போனாங்க. போன வருஷம்."

மணி பத்து நாற்பது. ஒரு மணிக்குள் அந்த மெயில் போயாக வேண்டும்.

டோக்கன் அக்கா பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள். பதினாறு வருஷமாகக் கொடுக்கிறாள். கன்னம் வீங்கி வருகிறவர்கள் யாரும் அவளுடைய பெயரைக் கேட்டதில்லை. "அக்கா, டோக்கன்" என்பார்கள். அதுவே பெயராகி, பல் டாக்டரே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார். ஆனால் கடந்த இருபத்தொன்பது வாரமாக, வாரத்தில் ஒரு நாள், ஒரு வார இதழின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அவளுடைய சொந்தப் பெயர் கொட்டை எழுத்தில் வந்துகொண்டிருந்தது. அக்கா தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் தொடர்கதை.

முப்பதாவது அத்தியாயம்தான் கடைசி. முடிவை ஐந்து தடவை எழுதி, ஐந்து தடவையும் பிடிக்காமல் அழித்து, ஆறாவது தடவையாக இன்று காலையில் எழுதி முடித்தாள். முடித்த கையோடு அனுப்பலாம் என்று பார்த்தால் வீட்டில் நெட் இல்லை. தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளையும் சேர்த்துத் தோண்டிவிட்டார்கள். அவளுடைய போன் பட்டன் போன். பேசும், மணி காட்டும், டார்ச் அடிக்கும், அவ்வளவுதான். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு ஓடி வந்திருந்தாள்.

நேற்று சாயங்காலம் இதழின் ஆசிரியர் போனில் கறாராகச் சொல்லியிருந்தார்.

"நாளைக்கு மத்தியானம் ஒரு மணி வரைக்கும்தாம்மா பார்ப்பேன். வரலேன்னா நம்ம உதவி ஆசிரியரை விட்டு நாங்களே முடிச்சுடுவோம்."

அதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குத் தூக்கமில்லை. அந்த உதவி ஆசிரியருக்கு எழுத்தாளர்கள் வைத்திருந்த பெயர் 'லாரி'. நேரத்துக்கு வராத தொடர்கதைகளை எல்லாம் அவர்தான் முடித்து வைப்பார். எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் முடிப்பார். கதாநாயகி ரோட்டைக் கடப்பாள், லாரி வரும். போன வருஷம் மட்டும் நாலு கதாநாயகிகள் அப்படிப் போய்ச் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி ரோடே இல்லாத மலை உச்சியில் குடியிருந்தவள். லாரி அங்கேயும் எப்படியோ ஏறி வந்துவிட்டது.

அக்காவின் கதாநாயகி ஏழு மாதமாக அவள்கூடவே பஸ்ஸில் தொங்கி, அவள்கூடவே பாத்திரம் தேய்த்து வளர்ந்தவள். அவளை லாரிக்குக் கொடுக்க அக்காவுக்கு மனசு வருமா?

அவள் 'தேடு' என்ற பொத்தானை இன்னொரு தடவை தட்டினாள். திரையில் ஒரு பெட்டி எழுந்தது. 'பொதுப் பிணையம் எதுவும் காணப்படவில்லை.'

தொடர்கதை ஆரம்பித்த வாரம், தமிழில் எழுதுகிறவள் லேப்டாப் தமிழில்தான் பேச வேண்டும் என்று அவள் கணவர் எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து அது என்ன சொல்கிறது என்று வீட்டில் யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை.

"பிணையம் காணோமாம்," என்று அக்கா நூலகரிடம் மெல்லச் சொன்னாள்.

எதிர் மேஜையில் செய்தித்தாளுக்குள் தலையை விட்டிருந்தவர் விருட்டென்று நிமிர்ந்தார்.

"எந்த ஆஸ்பத்திரியில?"

"என்ன சார்?"

"பிணம் காணோம்னு சொன்னீங்களே. நான் மூணு பேப்பர் படிச்சுட்டேன், ஒண்ணுலயும் வரலையே."

"பிணம் இல்ல சார், பிணையம். நெட்வொர்க்கு."

"ஓ," என்றார் செய்தித்தாள்காரர். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாருங்க," என்றார் நூலகர். "எங்க வீட்டு டிவி, ஃபேன், பெரிய பையன் எல்லாமே அப்படித்தான் வழிக்கு வரும்."

அக்கா அணைத்துப் போட்டாள். திரை கறுத்து, பிறகு நீலமாகி, ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. 'புதுப்பிக்கப்படுகிறது. அணைக்க வேண்டாம். 3%.'

"இது எப்ப முடியும் சார்?"

"அணைக்க வேண்டாம்னு மட்டும்தாம்மா போட்டிருக்கு. எப்ப முடியும்னு போடலையே."

பத்து ஐம்பதுக்கு 11 சதவீதம். பதினொன்று ஐந்துக்கு 40. செய்தித்தாள்காரர் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி "எத்தனை, எத்தனை" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பின்வரிசையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். 98-க்கு வந்ததும் அது சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அக்காவின் பட்டன் போன் அதிர்ந்தது. இதழ் அலுவலகத்தின் எண். எடுத்தால் "அனுப்பியாச்சா" என்று கேட்பார்கள். அக்காவுக்குப் பொய் கதையில்தான் வரும், வாயில் வராது. அதனால் அவள் எடுக்கவில்லை.

பதினொன்று இருபத்தைந்துக்கு, மூடாமல் விட்டிருந்த அத்தியாயத்தோடு லேப்டாப் கண் திறந்தது. அக்கா ஆவலோடு தேடிப் பார்த்தாள். முன்பு ஒன்பது தெரிந்த இடத்தில் இப்போது நாலுதான் தெரிந்தது. டாக்டர் வீட்டு நாயையும் காணோம்.

மறுபடியும் போன் அதிர்ந்தது. இந்தத் தடவை அவள் கணவர். பெயிண்ட் கம்பெனியில் கிடங்குப் பொறுப்பாளர். டப்பாவைத் திறக்காமலே உள்ளே என்ன கலர் என்று சொல்லிவிடுவார். அந்தத் தைரியத்தில், பார்க்காத எல்லாவற்றைப் பற்றியும் சொல்லுவார்.

"அனுப்பிட்டியா?"

"இல்லங்க. நூலகத்து வைஃபை என் லேப்டாப்புல மட்டும் தெரியவே மாட்டேங்குது."

அந்தப் பக்கம் அவர் இரண்டு தடவை இருமினார்.

"தெரியலையா? சரி, பதறாத. மேல் வரிசையில விமானம் படம் போட்ட பட்டன் இருக்கா?"

"விமானம் இருக்கு, சூரியன் இருக்கு, ஒரு மனுஷன் கையை விரிச்சுக்கிட்டு நிக்கிறான்."

"விமானத்தை அமுக்கு. கூடவே கன்ட்ரோலையும் அமுக்கு. அப்படியே அந்த ஆளையும் ஒரு தட்டு தட்டு."

"எதுக்குங்க அந்த ஆளு?"

"எதுக்கும் இருக்கட்டும்."

அக்கா மூன்றையும் அமுக்கினாள். நாலு வைஃபையும் சேர்ந்தாற்போல மறைந்தன. அதைவிடப் பெரிய வேலையை அந்த ஆள் செய்தான்.

"வணக்கம்," என்றது லேப்டாப், நூலகம் முழுக்கக் கேட்கிற குரலில். "வாசிப்பு உதவி தொடங்குகிறது. அத்தியாயம் முப்பது முற்றுப்புள்ளி. திறந்த கதவுக்கு வெளியே முதலில் குடைதான் தெரிந்தது முற்றுப்புள்ளி."

எந்தப் பட்டனை அமுக்கினாலும் அது நிற்கவில்லை. சத்தம்தான் கூடியது.

"மழையில் நனைந்த கறுப்புக் குடை முற்றுப்புள்ளி. பத்து வருஷம் காற்புள்ளி இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே அவள் காத்திருந்தாள் கேள்விக்குறி."

"அமைதி," என்று நூலகர் வழக்கம்போல ஆரம்பித்தார். ஆனால் பாதியிலேயே விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். பின்வரிசைப் பரீட்சைக்காரர்கள் புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

"குடை மெல்ல மேலே உயர்ந்தது முற்றுப்புள்ளி. அவளுடைய நெஞ்சு படபடத்தது முற்றுப்புள்ளி. குடைக்குக் கீழே நின்றது மூன்று புள்ளி."

அக்கா லேப்டாப்பைப் படாரென்று மூடினாள்.

நூலகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நின்னது யாருங்க?"

"புருஷன்தானே?"

"புருஷன் எதுக்குக் குடையோட வர்றான்? இது ஏதோ போலீஸ் கேசு," என்றார் செய்தித்தாள்காரர்.

நூலகர் மேஜையைத் தட்டினார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. இங்க சத்தம் போடக் கூடாது. நீங்க வெளிய போயிடுங்க."

அவரே அவளை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப வெளிய வந்தாச்சு. இங்க பேசலாம். நின்னது யாரும்மா?"

"அடுத்த வாரம் படிச்சுக்குங்க சார்," என்று சொல்லிவிட்டு அக்கா தெருவில் இறங்கி ஓடினாள். ஓடும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பயமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் பன்னிரண்டு பேர் தன் கதவுக்கு வெளியே யார் என்று அடித்துக்கொள்கிறார்கள். பல் வலிக்காரர்கள் தவிர யாரும் தன்னிடம் எதையும் அவசரமாகக் கேட்டு அவள் பார்த்ததில்லை.

தெருமுனைக் காபிக் கடையிலும் இலவச வைஃபை இருந்தது. கல்லாவில் இருந்த பெண், "இங்க எல்லாருக்கும் நல்லா வருதே," என்று சத்தியம் செய்தாள். எல்லாருக்கும் வந்தது. அக்காவுக்கு மட்டும் வரவில்லை. அப்போது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவளுடைய கொழுந்தன். கணவர்தான் போன் செய்து நூலகத்துக்கு அனுப்பியிருந்தார்; வழியில் கடைக்குள் இவளைப் பார்த்துவிட்டான். கொழுந்தன் ஏசி மெக்கானிக். எதைப் பார்த்தாலும் முதலில் பின்பக்கத்துத் திருகைக் கழற்றுவான், பிறகுதான் என்ன பிரச்சனை என்று கேட்பான்.

"நீங்க காபி சாப்பிடுங்க அண்ணி, நான் பார்த்துக்கறேன்," என்று அவன் உட்காரும்போதே லேப்டாப்பைக் கவிழ்த்து நாலு திருகைக் கழற்றிவிட்டான். உள்ளே ஊதினான். கொஞ்சம் தூசி பறந்தது. திரும்ப நிமிர்த்தி, விமானப் பட்டனை மறுபடி அமுக்கினான்; பூட்டுப் போட்ட வைஃபைகள் மட்டும் திரும்பி வந்தன. இன்னும் எதையெதையோ தட்டினான்.

"கண்டுபிடிச்சுட்டேன் அண்ணி. டிரைவர்தான் பிரச்சனை. டிரைவரைத் தூக்கிட்டா சரியாயிடும்."

பக்கத்து மேஜையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தூக்கினா ஒண்ணும் ஆயிடாதே தம்பி?" என்றாள் அக்கா.

"நான் எத்தனை டிரைவரைத் தூக்கியிருக்கேன் அண்ணி. ரெண்டு நிமிஷத்துல வேலை முடிஞ்சுடும்." ஒரு தட்டு தட்டினான். "அவ்வளவுதான். அழிச்சாச்சு. இப்ப புது டிரைவரை இறக்கணும்."

"இறக்கு."

"இறக்கறதுக்கு நெட் வேணும் அண்ணி."

"நெட்டுக்கு?"

"நெட்டுக்கு டிரைவர் வேணும்."

அக்கா அவனையே பார்த்தாள். அவன் திரையையே பார்த்தான். மணி பன்னிரண்டு ஐந்து.

"சரி, பழைய டிரைவரையே திரும்பக் கொண்டு வா."

"அதான் அழிச்சுட்டேனே."

"ஏங்க," என்று பக்கத்து மேஜைக்காரர் எழுந்தே விட்டார். "நானும் ரொம்ப நேரமாக் கேட்டுக்கிட்டிருக்கேன். யாரைத் தூக்கினீங்க, யாரை அழிச்சீங்க? நான் டாக்சி டிரைவர். எங்க சங்கத்துல நான் செயலாளர். ஒரு போன் போட்டா நாற்பது வண்டி வந்து நிக்கும்."

அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் ஐந்து நிமிஷம் போய்விட்டது. வைஃபையை இயக்குகிற ஒரு சாமானுக்கு டிரைவர் என்று பெயர் என்பதை அவர் கடைசி வரைக்கும் முழுசாக நம்பவில்லை.

"என் போன்லேருந்து உங்களுக்கு நெட் தந்திருக்கலாம் அண்ணி," என்றான் கொழுந்தன் திடீரென்று. "பூட்டுப் போட்டு அனுப்பினா உங்க லேப்டாப்புல தெரிஞ்சிருக்கும். ஒரு நிமிஷத்துல மெயில் போயிருக்கும்."

"அப்ப தா."

"இப்ப முடியாது. டிரைவரைத் தூக்கிட்டேனே."

"அதை வந்தவுடனே செய்யறதுக்கென்ன?"

"இப்பதான் தோணுச்சு அண்ணி. கேபிள் இருந்தா இப்பவும் கொடுக்கலாம். கேபிள் வீட்ல இருக்கு."

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏழு மாதத்து உழைப்பு. கண்ணை மூடினால் கதாநாயகி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கொழுந்தனின் போன் அடித்தது. அவன் அதை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய்," என்றது கணவரின் குரல். சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. "உங்க அண்ணி பக்கத்துல இருக்காளா?"

அக்கா இல்லை என்று கையசைத்தாள்.

"இல்லண்ணா. சொல்லுண்ணா."

"இந்தத் தொடர்கதை ஆரம்பிச்சப்ப உன்கிட்ட ஒரு வேலை சொன்னேனே, ஞாபகம் இருக்கா? அவ லேப்டாப்புல பொது வைஃபை ஒண்ணுமே தெரியக் கூடாது, எல்லாத்தையும் மறைச்சுடுன்னு. அதை மட்டும் எடுத்து விட்டுடு. சரியாயிடும். அவகிட்ட எதுவும் சொல்லாத."

கொழுந்தன் தலையில் கை வைத்தான். "அடடா. ஆமாண்ணா. நான்தானே மறைச்சேன். சுத்தமா மறந்துட்டேன்."

"எதுக்குங்க மறைச்சீங்க?" என்று அக்கா கேட்டாள்.

போனில் பெயிண்ட் டப்பா ஒன்று கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"பக்கத்துலதான் இருக்கியா? இல்லம்மா, பொது இடத்து வைஃபைல போனா உள்ள இருக்கிறதை எல்லாம் திருடிடுவாங்கன்னு ஒரு மெசேஜ் வந்துது. உன் கதையை எவனாவது திருடித் தன் பேர்ல போட்டுக்கிட்டான்னா? நீ ராத்திரி பகலா உக்காந்து எழுதறது. அதான் பயந்துட்டேன்."

அக்காவுக்கு அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும் போலவும் இருந்தது, அந்தப் பெயிண்ட் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. தன் கதையைத் திருடுகிற அளவுக்கு மதிப்பானது என்று நினைத்த முதல் ஆள் அவர்தான். ஆனால் இரண்டுக்கும் இப்போது நேரமில்லை.

"இப்ப அதை எடுத்து விட்டா வருமா தம்பி?"

"டிரைவர் இருந்தா வந்திருக்கும் அண்ணி."

டாக்சி டிரைவர் மீதிக் காபியை ஒரே மடக்கில் குடித்தார். "எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா டிரைவர் இல்லாம எதுவும் நடக்காதுன்னு மட்டும் புரியுது. எங்க போகணும்மா?"

அக்கா ஒரு கணம்தான் யோசித்தாள். இதழ் அலுவலகம் ஊரின் மறு கோடியில் இருந்தது. மெயில் அனுப்பினால் ஒரு நிமிஷ வேலை என்றுதான் காலையிலிருந்து அந்தத் திசையிலேயே திரும்பாமல் இருந்தாள். நேரே போயிருந்தால் பதினொரு மணிக்கே கொடுத்துவிட்டு வந்திருக்கலாம்.

"லேப்டாப்பையே கொண்டுபோய் அவங்க மேஜையில வைக்கப் போறேன்," என்றாள்.

"மூடியை மாட்டித் தர்றேன் அண்ணி. திருகு ஒண்ணுதான் கிடைக்கல."

"திருகு இல்லாமலே போகட்டும், விடு."

பன்னிரண்டு இருபதுக்கு டாக்சி கிளம்பியது. அக்கா பின் சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்து, பின்பக்கம் கழன்று விழாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். சார்ஜ் பதினொரு சதவீதம். டாக்சி டிரைவர் சங்கத்துச் செயலாளர் என்பது அவர் ஹாரன் அடிப்பதிலேயே தெரிந்தது.

"அப்படி என்னம்மா இருக்கு அதுல?"

"ஒரு தொடர்கதையோட முடிவு. இன்னிக்குக் காலையில வந்த இதழ்ல, பத்து வருஷமா தனியா இருக்கிற ஒருத்தி, யாரோ தட்டறாங்கன்னு எழுந்து போய்க் கதவைத் திறக்கிறா. அவ்வளவுதான். அதோட நிறுத்தித் 'தொடரும்'. வந்தது யாருன்னு இதுலதான் இருக்கு."

"யாரு வந்தது?"

"அவளோட அக்கா. சண்டை போட்டுட்டுப் போனவ."

டிரைவர் கண்ணாடி வழியாக அவளை ஏமாற்றத்தோடு பார்த்தார். "நான் காதலன்னு நினைச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. அதனாலதான் அக்கா."

அவர் கியரை மாற்றினார். "எனக்கும் ஒரு அக்கா உண்டு. பேசி ஆறு வருஷம் ஆச்சு," என்றார் பிறகு. மூக்கை உறிஞ்சினார். "நல்லாத்தாம்மா இருக்கு. இது கண்டிப்பா வந்தாகணும்." காலை அழுத்தினார். டாக்சி பறந்தது.

பறந்த டாக்சி அடுத்த திருப்பத்திலேயே நின்றது. முன்னால் தெருவை முழுசாக அடைத்துக்கொண்டு, மணல் ஏற்றிய லாரி ஒன்று ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ, லாரி," என்றாள் அக்கா.

"விடுங்க, மெதுவாப் போயிடும்."

"உங்களுக்குத் தெரியாதுங்க. லாரிக்கு முன்னாடி நான் போயாகணும். எப்படியாவது முந்துங்க."

பட்டன் போன் மறுபடியும் அதிர்ந்தது. அதே அலுவலகம், ஏழாவது தடவை. அக்கா போனைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினாள். டிரைவர் ஒரு சந்துக்குள் வளைத்தார், துணி காய்கிற ஒரு கொல்லைப்புறத்தைச் சுற்றினார், ஒரு கோழியிடம் மன்னிப்புக் கேட்டார், லாரிக்கு முன்னால் வந்து விழுந்தார். அக்காவுக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. கையை எடுத்தால் லேப்டாப் இரண்டாகிவிடும் என்பதால் தட்டவில்லை.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் 'பழுது' என்று எழுதி ஒட்டியிருந்தது. அக்கா படியில் ஏறினாள். முதல் மாடியில் மூச்சு வாங்கியது, இரண்டாவது மாடியில் செருப்பு அறுந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு மேலே போனாள். சார்ஜ் நாலு சதவீதம்.

உள்ளே எல்லா மேஜையிலும் போன் அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒரு காதில் ஒன்று, இன்னொரு காதில் ஒன்று என்று பிடித்துக்கொண்டு, "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியரின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ பலமாகச் சிரித்தார்கள். ஒற்றைச் செருப்போடு, பிரிந்த லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வாசலை ஒட்டிய மேஜையில் ஒருவர் சிவப்புப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிழை திருத்துகிறவர். அக்கா லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தாள்.

"ஒரு மணிக்கு இன்னும் மூணு நிமிஷம் இருக்கு சார். நாலு பர்சன்ட் சார்ஜ் இருக்கு. முப்பதாவது அத்தியாயம் இதுல இருக்கு. சீக்கிரம் எடுத்துக்குங்க. அவளை மட்டும் ரோட்டைக் கடக்க விட்டுடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நீங்க யாரும்மா?"

பதினாறு வருஷத்தில் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அக்கா நிமிர்ந்து நின்று தன் சொந்தப் பெயரைச் சொன்னாள்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். காதிலிருந்த பேனா கீழே விழுந்தது. அவள் முகத்தையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலையிலேருந்து உங்களுக்குத்தாம்மா அடிச்சுக்கிட்டிருக்கோம். இன்னிக்கு வந்த இதழை நீங்க பார்க்கலையா?"

"எனக்குத் தபால்ல வர ரெண்டு நாள் ஆகும் சார். ஏன், என்ன ஆச்சு?"

பிழை திருத்துகிறவர் ஆசிரியரின் அறைப்பக்கம் பயத்தோடு ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு லேப்டாப்பின் மூடியை மெதுவாகச் சாத்திவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"நீங்க 'தொடரும்'னு போட்டிருந்த இடத்துல நான் கை தவறி 'முற்றும்'னு போட்டுட்டேம்மா, வந்தது யாருன்னே சொல்லாம விட்டுட்டீங்களாம், இப்படி ஒரு அருமையான முடிவை இதுவரைக்கும் எந்த எழுத்தாளரும் எழுதினதே இல்லைன்னு காலையிலேருந்து வாசகர்களோட போன் ஓயல."